வாடகையில்லா வாடகைத்தாயின் சோற்றுத்தட்டு

அர்ச்சுனா நதியும் வைப்பாறும் கூடுமிடத்தில் இருக்கிறது இருக்கன்குடி. இரு கங்கைக் குடி என்பதே இப்படி மருவிற்று என்பது ஊர் வழக்கு. ஆடி மாதக் கடைசி வெள்ளியன்று அங்கே போய்வந்தவர்கள் அக்கூட்டத்தை மறக்கமாட்டார்கள். கரிசல் கிராமங்களிலிருந்து நடந்தே வந்தவர்கள், அக்கினிச் சட்டி ஏந்தியவர்கள், கரும்பில் தொட்டில் கட்டிப் பிள்ளையை ஏந்திவரும் இளம் தம்பதியர், அந்தத் தொட்டிலையே பார்த்துக்கொண்டு நிற்கும் பிள்ளையில்லாப் பெண்கள். அந்தப் பார்வையை நாங்கள் கண்டிருக்கிறோம். ஆகவே பிள்ளைக்காக ஏங்குவோரை ஏளனம் செய்யும் நோக்கம் எமக்கில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். பிள்ளையில்லை என்பதற்காக ஒரு பெண்ணை நம் சமூகம் என்ன பாடு படுத்தும் என்பதை எவரும் நமக்குக் கற்பிக்க வேண்டியதில்லை.

எமது வழக்கு வேறொருத்தியைப் பற்றியது. அத்தொட்டிலில் கிடக்கும் பிள்ளையைச் சுமந்தவள் வேறொரு பெண்ணாக இருந்தால், அவள் அந்தப் பத்து மாதமும் என்ன சாப்பிட்டாள்? பிள்ளையைக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு வீடு திரும்பிய பிறகு யார் அவளுக்குப் பத்தியச் சோறு பொங்கிப் போட்டார்கள்?

இது சமையற்குறிப்புப் பகுதிக்குரிய கேள்வி, இலக்கிய வாசகர்களிடம் கேட்பானேன் என்று சிலர் முகம் சுளிக்கக்கூடும். இலக்கிய வாசகர்களிடம்தான் கேட்க வேண்டியிருக்கிறது. வாடகைத்தாய் என்றதும் நம் எழுத்தாளர்களுக்கு வந்துவிடும் புல்லரிப்பை நாங்கள் சில காலமாகக் கவனித்து வருகிறோம். 'கருவறை தானம்' என்கிறது ஒரு கவிதை. 'பெறாமல் பெற்றவள், பெற்றும் பெறாதவள்' என்று சொற்சிலம்பம் ஆடுகிறது ஒரு சிறுகதை. தியாகம், தாய்மை, தெய்வம் ஆகிய மூன்று சொற்களைச் சுற்றியே எல்லாம் கும்மியடிக்கின்றன. அவற்றில் வரும் பெண் அழுகிறாள், வயிற்றைத் தடவுகிறாள், வானத்தைப் பார்க்கிறாள். ஒரு வாய் சாப்பிட மட்டும் காணோம். பசியில்லாத கர்ப்பிணியைப் படைக்க நம் எழுத்தாளர்களால் மட்டுமே முடியும்.

2022 அக்டோபரில் நயன்தாரா, விக்னேஷ் சிவன் தம்பதியர் வாடகைத்தாய் முறையில் இரட்டைக் குழந்தைகளுக்குப் பெற்றோரான செய்தி வந்தபோது தமிழகமே வழக்கறிஞராக மாறியது. சட்டம் மீறப்பட்டதா என்று அரசு குழு அமைத்து விசாரித்தது. மீறப்படவில்லை என்று அம்மாத இறுதியிலேயே அறிக்கையும் வந்தது. சுமந்த பெண்ணின் அடையாளம் காக்கப்பட வேண்டியதே, அதில் எமக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆனால் அவளைப் போன்ற பெண்களின் உடல்நலமும் உணவும் ஓய்வும் பற்றிய பொதுவான கேள்வியைக்கூட அந்த வாரங்களில் எங்கள் கண்ணில் பட்ட எந்தப் பத்தியும் எழுப்பவில்லை. திருமணத் தேதியைக் கணக்கிடுவதில் இருந்த அக்கறை கர்ப்பிணியின் கலோரியைக் கணக்கிடுவதில் நமக்கில்லை.

சொல்லிலிருந்தே தொடங்குவோம். வாடகைத்தாய் என்கிறோம். வாடகை எங்கே? 2021 ஆம் ஆண்டின் வாடகைத்தாய் ஒழுங்குமுறைச் சட்டம் 2022 ஜனவரி 25 அன்று நடைமுறைக்கு வந்தது. அதன்படி சுமப்பதற்குக் கூலி கிடையாது. மருத்துவச் செலவு, விதிகளால் வகுக்கப்படும் பிற செலவுகள், 36 மாதக் காப்பீடு, இவை மட்டுமே உண்டு. மீறி வணிகமாக நடத்தினால் 10 ஆண்டுவரை சிறை, 10 இலட்சம் ரூபாய்வரை அபராதம். சுமப்பவள் 25 முதல் 35 வயதுக்குட்பட்டவளாக, திருமணமானவளாக, ஏற்கெனவே சொந்தக் குழந்தை பெற்றவளாக இருக்க வேண்டும். வாழ்நாளில் ஒருமுறைதான் சுமக்கலாம். ஆக, வாடகை போய்விட்டது, பெயரில் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. குடியிருப்பவர் வாடகை தரக்கூடாது என்று சட்டம் சொன்ன பிறகும் வீட்டுக்காரியை வாடகைக்காரி என்றே அழைத்துக்கொண்டிருக்கும் விநோதம் இது.

முன்பிருந்த சந்தை சொர்க்கமாக இருந்ததா? இல்லை. குஜராத்தின் ஆனந்த் நகரில் வாடகைத்தாய்மார் விடுதிகளில் தங்கவைக்கப்பட்ட காலத்தை அமிர்தா பாண்டே 2014 இல் வெளியான தம் நூலில் விரிவாக ஆராய்ந்திருக்கிறார். பெங்களூரில் ஆயத்த ஆடைத் தொழிலாளிகள் இத்தொழிலுக்கு வந்ததை 2015 இல் சர்மிளா ருத்ரப்பா எழுதினார். விடுதியில் வேளைக்கு உணவு, மாத்திரை, ஓய்வு எல்லாம் கிடைத்தன. அவள் வீட்டில் ஒருநாளும் கிடைக்காத ஓய்வு. ஆனால் அந்த உணவு அவளுக்கானதன்று, கருவுக்கானது. கண்காணிப்பின் கீழ் உண்ட உணவு அது. பிள்ளை வெளியே வந்த பிறகு அந்த உபசாரமும் முடிந்துவிடும். கறவை நிற்கும்வரை பருத்திக்கொட்டை வைப்பவன் மாட்டை நேசிக்கிறான் என்று எந்தக் கரிசல்காட்டு விவசாயியும் சொல்லிக்கொள்ளமாட்டான். நம் மருத்துவ வணிகர்கள் சொல்லிக்கொண்டார்கள்.

சந்தையை மூடியது சரி. மூடியவர்கள் அந்தத் தட்டையும் சேர்த்துக் கவிழ்த்துவிட்டார்கள் என்பதே எமது குற்றச்சாட்டு.

இக்குற்றச்சாட்டு எம் கற்பனையன்று. 2017 ஆகஸ்டில் நாடாளுமன்றத்தின் சுகாதார நிலைக்குழு, அப்போதைய மசோதாவை ஆராய்ந்து தன் 102 ஆவது அறிக்கையை அளித்தது. கூலியே இல்லாமல் ஒரு பெண்ணைப் பிள்ளை சுமக்கச் சொல்வது நியாயமன்று, இழப்பீடு தர வேண்டும் என்றது. இழந்த கூலி, அவளுடைய சொந்தக் குழந்தைகளின் பராமரிப்பு, சத்துணவு, மருந்து, கர்ப்பகால ஆடை, பேற்றுக்குப் பிந்தைய கவனிப்பு என்று ஒவ்வொன்றாக அடுக்கியது. 2020 இல் மாநிலங்களவையின் தெரிவுக்குழு இழப்பீட்டுக் கொள்கையை ஏற்கவில்லை, கொடை மனப்பான்மையே போதும் என்றது. காப்பீட்டை 16 மாதத்திலிருந்து 36 மாதமாக உயர்த்தச் சொன்னது. அது நன்று. ஆனால் இழந்த கூலி சட்டத்தில் இடம்பெறவில்லை. உணவோ 'விதிகளால் வகுக்கப்படும் பிற செலவுகள்' என்ற தொடருக்குள் ஒடுங்கிக்கொண்டது. ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குக் கணக்கு உண்டு. அடுப்படிக்குக் கணக்கு இல்லை.

கொடை மனப்பான்மை என்கிறார்களே, அது எங்கிருந்து வரும்? வசதியுள்ள அக்காள் வறிய தங்கைக்குப் பிள்ளை சுமந்த வரலாறு எங்காவது உண்டா? உறவுக்குள் கேட்பதானாலும் கைநீட்டிக் கடன் வாங்கிய சித்தப்பன் மகளிடம், வீட்டோடு வந்து ஒத்தாசை செய்யும் ஒன்றுவிட்ட மதினியிடம்தான் கேட்பார்கள். 'உனக்கு ஆண்டவன் ரெண்டைக் கொடுத்திருக்கான், எங்களுக்கு ஒண்ணைச் சுமந்து கொடு தாயி' என்று கேட்டால் அவள் என்ன சொல்வாள்? அந்தத் 'தாயி' என்ற விளியில் அன்பும் இருக்கிறது, அதட்டலும் இருக்கிறது.

அவளைச் சிவகாசி வட்டாரத்திலேயே வைத்துப் பார்ப்போம். தீப்பெட்டிக்கும் வெடிக்கும் ஆள் சேர்த்து விடியற்காலையில் கிராமம் கிராமமாக வேன்கள் வந்துபோகும் நாடு இது. இங்குள்ள பெண்ணின் கூலி அவள் கை அசைகிறவரைதான். திரி வெட்டுவதும் குழாய் உருட்டுவதும் எண்ணிக்கைக் கணக்கு. கந்தகமும் அலுமினியப் பொடியும் புழங்கும் அறையில் கருவுற்ற பெண் நிற்கலாகாது, நிற்கவும் விடமாட்டார்கள். ஆக, கரு வைத்த நாளிலிருந்து கூலி நின்றது. ஏற்கெனவே பெற்ற பிள்ளைகள் வீட்டில் இருக்கிறார்கள். பிள்ளை பெற்றவளாக இருக்க வேண்டும் என்று சட்டமே விதித்திருப்பதால் அவர்கள் இருந்தே ஆகவேண்டும். குழந்தை வேண்டும் தம்பதியர் பாதாம் பருப்பும் பேரீச்சம்பழமும் வாங்கிக் கொடுத்துவிட்டுப் போகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆறு வயதுப் பிள்ளை பார்த்துக்கொண்டிருக்க, அதை மறைத்து வைத்துத் தான் மட்டும் தின்கிற தாயை நீங்கள் எந்த ஊரில் கண்டீர்கள்? கர்ப்பிணிக்கென்று வரும் சத்துமாவு வீட்டுப் பிள்ளைகளின் கிண்ணத்துக்குப் போவது நாமெல்லோரும் அறிந்ததே. வீட்டிலுள்ள எல்லோரும் உண்டபின் அடிப்பானையை வழிக்கிறவள்தான் நம் வீடுகளின் தாய். கரு மாற்றான் கருவானதால் இப்பழக்கம் மாறிவிடாது.

பெரிய வைத்தியமெல்லாம் தேவையில்லை என்பதுதான் இதில் வேதனை. தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2020 ஆம் ஆண்டுப் பரிந்துரைப்படி கர்ப்பிணிக்கு வழக்கத்தைவிட நாளொன்றுக்கு 350 கலோரி கூடுதலாக வேண்டும். ஒரு முட்டை, ஒரு கைப்பிடி நிலக்கடலை, ஒரு தம்ளர் பால், ஏறக்குறைய அவ்வளவே. புரதம் நடு மூன்று மாதங்களில் 9.5 கிராமும் கடைசி மூன்று மாதங்களில் 22 கிராமும் கூட வேண்டும். பாசிப்பயறும் உளுந்தும் கரிசல் விளைச்சல். சுண்ணாம்புச் சத்துக்குக் கேழ்வரகு, இரும்புக்குக் கம்பும் முருங்கைக்கீரையும், அந்த இரும்பு உடலில் சேர ஒரு நெல்லிக்காய் அல்லது எலுமிச்சைச் சாறு. சாப்பிட்ட கையோடு தேநீர் குடித்தால் சேரவேண்டிய இரும்பு சேராமல் போகும், ஆகவே அதைத் தள்ளிவைக்க வேண்டும். ஊரிலேயே கிடைப்பவைதாம் எல்லாம். ஆனால் 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் இந்தியக் கர்ப்பிணிகளில் 52.2 விழுக்காட்டினர் இரத்தசோகை உடையவர்கள். மண்ணில் விளைகிறது, வாய்க்கு வரவில்லை.

அதிலும் செயற்கைமுறைக் கருத்தரிப்பு, குறிப்பாக வேறொருவரின் கருமுட்டையில் உண்டான கரு, இரத்த அழுத்த நோய்க்கு இடம்கொடுப்பது மருத்துவம் அறிந்த செய்தி. இயல்பான கர்ப்பத்தைவிடக் கூடுதல் கவனம் வேண்டிய உடல் இது. ஊறுகாயும் அப்பளமும் மட்டுமே தொட்டுக்கொள்ளக் கிடைத்த உடல் இந்த ஆபத்தை எப்படித் தாங்கும்?

இனி மசக்கைக்கு வருவோம். கர்ப்பிணி ஆசைப்பட்டதை வாங்கிக்கொடுக்க வேண்டும் என்பது நம் மரபு. புளியம்பிஞ்சோ, சாத்தூர் வெள்ளரிப்பிஞ்சோ, கேட்டது கிடைக்கவில்லை என்றால் பிள்ளைக்குக் காதில் சீழ் வடியும் என்று பயமுறுத்தியாவது வாங்கிக்கொடுக்க வைத்தார்கள் நம் கிழவிகள். அது மூடநம்பிக்கையாக இருக்கலாம். ஆனால் அதனுள் ஒரு பெண்ணின் நாவுக்கு மரியாதை இருந்தது. வாடகைத்தாயின் மசக்கை யாருடைய மசக்கை? அவள் கருவாட்டுக் குழம்புக்கு ஏங்கினால், கவிச்சி ஆகாத வீட்டுப் பிள்ளையைச் சுமக்கிறாய், வேண்டாம் என்று சொல்லும் உரிமை எவருக்காவது உண்டா? உப்பைக் குறை என்று மருத்துவர் சொல்லலாம். சாதி பார்த்துச் சாப்பிடு என்று சொல்ல எவருக்கும் உரிமையில்லை. அவள் தட்டில் இருப்பது அவள் உணவு. வயிற்றில் இருக்கும் பிள்ளை பிறருடையதாக இருக்கலாம், நாக்கு அவளுடையது.

அவளுக்கு வளைகாப்பு இல்லை. ஏழாம் மாதத்துக் கலவைச் சாதங்கள் இல்லை. ஊர்வாய்க்கு அஞ்சி வயிறு தெரியும் காலத்தில் வேறு ஊரில் ஒரு வாடகை அறையில் ஒளித்து வைக்கப்படுகிறாள். (வாடகை என்ற சொல் இங்கேயாவது பொருள் பெறுகிறது.) ஊர் மாறியதும் கிராமச் செவிலியர் பதிவு போயிற்று, அங்கன்வாடிப் பதிவு போயிற்று. அக்கம்பக்கத்தில் குழம்பு கொண்டுவந்து தரும் மதினிமார் போனார்கள். மறைக்கப்பட்ட கர்ப்பம் பட்டினிக்கு அருகில் இருக்கும் கர்ப்பம்.

பேற்றுக்குப் பிறகோ? இதுதான் எங்களை மிகவும் வருத்துவது. பிள்ளையை உரியவர்கள் வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். இரண்டாம் மூன்றாம் நாளில் இவளுக்குப் பால் கட்டுகிறது. உடலுக்குச் சட்டம் தெரியாது. தான் பெற்றது யாருடையது என்று மார்பு கேட்பதில்லை. குருதி இழந்த உடல், அறுவை நடந்திருந்தால் ஆறவேண்டிய புண். நம் வீடுகளில் இந்நாட்களுக்குத்தான் பிரசவ லேகியமும், பூண்டுக் குழம்பும், நல்லெண்ணெய் ஊற்றிய உளுந்தங்களியும், சுறாப்புட்டும் வைத்திருந்தார்கள் நம் பாட்டிமார். அவை பிள்ளைக்குப் பால் ஊறுவதற்கு மட்டுமல்ல, பெற்றவள் எழுந்து நடப்பதற்கும்தான். பிள்ளை இல்லாத வீட்டில் பத்தியம் எதற்கு என்று கேட்கும் மாமியார் இருக்கலாம். அவளாகவே கூசிக்கொண்டு கேட்காமலிருக்கலாம். இரும்புச்சத்து மாத்திரையை கர்ப்பத்தில் 180 நாள், பேற்றுக்குப் பின் 180 நாள் உண்ண வேண்டும் என்று அரசின் இரத்தசோகைத் தடுப்புத் திட்டமே சொல்கிறது. பேறு முடிந்தாலும் உடலின் கடன் முடியவில்லை என்பதற்கு வேறென்ன சான்று வேண்டும்?

அரசுக்கு இது தெரியாமலில்லை. 2017 ஆம் ஆண்டின் மகப்பேறு நலத் திருத்தம், வாடகைத்தாய் வழியே குழந்தை பெறும் தாய்க்கு 12 வாரம் விடுப்பு அளித்தது. சுமந்தவளைப் பற்றித் தனியே ஒரு சொல் இல்லை. 2024 ஜூனில் மத்திய அரசின் விடுப்பு விதிகள் திருத்தப்பட்டன. சுமந்தவளோ, பெற்றுக்கொண்டவளோ அரசு ஊழியராக இருந்து, அவருக்கு இரண்டுக்கும் குறைவான குழந்தைகளே இருந்தால் 180 நாள் விடுப்பு என்றாயிற்று. சுமந்தவளுக்கும் ஓய்வு வேண்டும் என்பதை அரசு ஒப்புக்கொண்டுவிட்டது. மத்திய அரசு அலுவலகத்தில் வேலை பார்க்கும் கருப்பைக்கு மட்டும். திரி வெட்டும் பெண்ணின் கருப்பை எந்தத் துறையின் கீழ் வருகிறது?

தமிழ்நாட்டில் முத்துலட்சுமி ரெட்டி பெயரிலான மகப்பேறு உதவித் திட்டத்தில் 2018 முதல் 18,000 ரூபாய் உதவி. அதில் சத்துமாவும் இரும்புச்சத்து டானிக்கும் பேரீச்சையும் நெய்யும் கொண்ட இரண்டு பெட்டகங்களும் அடக்கம். நல்ல திட்டம், மனமாரப் பாராட்டுகிறோம். ஆனால் அது முதல் இரண்டு பேறுகளுக்கானது. ஏற்கெனவே இரண்டு பெற்றவள் பிறருக்காகச் சுமக்கும்போது அப்பெட்டகம் அவள் வாசலுக்கு எப்படி வரும்? பிள்ளை பெற்றவள்தான் வேண்டும் என்கிறது ஒரு சட்டம். இரண்டுக்கு மேல் கிடையாது என்கிறது ஒரு திட்டம். இரண்டுக்கும் நடுவே காலித் தட்டோடு நிற்கிறாள் அவள்.

இத்தனை கசப்பிலும் ஒரு கதவு திறந்திருக்கிறது. 2013 ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் நான்காம் பிரிவு, கர்ப்பகாலத்திலும் பேற்றுக்குப் பின் ஆறு மாதமும் அங்கன்வாடி வழியே இலவச உணவு பெறும் உரிமையைப் பேசுகிறது. இயற்றப்பட்டபோது அச்சட்டம் நாளுக்கு 600 கலோரி, 18 முதல் 20 கிராம் புரதம் என்று அளவும் சொன்னது. கவனியுங்கள், கரு யாருடையது என்று அது கேட்கவில்லை. ஆகவே புதிய புரட்சி எதையும் நாங்கள் கோரவில்லை. இருப்பதை இவளுக்கும் உரியதென்று வெளிப்படையாக எழுதுங்கள் என்கிறோம்.

நாங்கள் கேட்பவை இவையே. ஒன்று, சட்டத்திலுள்ள 'பிற செலவுகள்' என்பதற்குள் உணவும் இழந்த கூலியும் தெளிவாக, தொகையோடு எழுதப்பட வேண்டும். தம்பதியரின் தயவுக்கு விடக்கூடாது. இரண்டு, அவ்வுணவுக் கணக்கில் அவளுடைய பிள்ளைகளின் வாயும் சேரவேண்டும். ஒரே பானையில் பொங்கும் வீட்டில் ஒருத்திக்கு மட்டும் சத்துணவு என்பது கதைக்குதவாது. மூன்று, பேற்றுக்குப் பின் ஆறு மாதமாவது அது தொடரவேண்டும், கையில் பிள்ளை இல்லை என்ற காரணம் குறுக்கே வரக்கூடாது. நான்கு, என்ன உண்பது என்பதை அவளும் மருத்துவரும் முடிவுசெய்ய வேண்டும், பிள்ளை வாங்குபவர் அன்று.

கூலி கொடுத்தால் தாய்மையின் புனிதம் கெட்டுவிடும் என்று சில நண்பர்கள் சொல்வார்கள். புனிதம் கெடாமலிருக்க ஏழைப் பெண்கள் மட்டுமே பட்டினி கிடக்க வேண்டியிருக்கிறது, கவனித்தீர்களா? மருத்துவர் கட்டணம் வாங்குகிறார், புனிதம் கெடவில்லை. கருத்தரிப்பு மையம் வாங்குகிறது, கெடவில்லை. வழக்கறிஞர் வாங்குகிறார், கெடவில்லை. சுமப்பவள் தட்டில் ஒரு முட்டை கூடுதலாக விழுந்தால் மட்டும் தாய்மை கறைபட்டுப் போகிறதாம். இதைப் பம்மாத்து என்று சொல்லாமல் வேறெப்படிச் சொல்வது?

இருக்கன்குடித் தலக்கதையை அறிந்திருப்பீர்கள். சாணம் பொறுக்க வந்த ஓர் ஏழைப்பெண் தன் கூடையைத் தரையில் வைத்தாள். திரும்ப எடுக்க வரவில்லை, மண்ணோடு ஒட்டிக்கொண்டது. அந்த இடத்தில்தான் அம்மன் இருப்பது தெரிந்தது என்பார்கள். பிள்ளைவரம் தரும் தெய்வம் தன்னைக் காட்டிக்கொள்ளத் தேர்ந்தது சாணக்கூடை சுமந்த ஒரு கூலிக்காரியை. அவள் அன்று சாப்பிட்டாளா என்று கதை சொல்லவில்லை. நாமும் கேட்டதில்லை. இனி எழுதப்போகும் கதைகளிலாவது வாடகைத்தாயைத் தெய்வமாக்குவதற்கு முன்னால் அவளுக்கு ஒரு தட்டு வையுங்கள், அதில் சோறு இருக்கட்டும். பிறகு அவள் அழட்டும், வானத்தைப் பார்க்கட்டும், உங்கள் விருப்பம்.

மறுப்பவர்கள் எழுதுங்கள். விவாதிக்கக் காத்திருக்கிறோம்.